தொட்டிலில் வைத்த மெஷின்

“ஏட்டி, காத்தைப் போயி எவளாவது எடை போடுவாளா? படிச்ச புள்ளையின்னு ஒன்னய நல்லா ஏமாத்துதாவ.”

நான் வேலைக்குச் சேர்ந்த வாரம் தேவதானத்துச் சித்தி சொன்னது இது. அம்மாவின் தங்கை. உரித்துக்கொண்டிருந்த மொச்சையை முறத்தில் போட்டுவிட்டு, வெறும் உள்ளங்கையை என் முகத்துக்கு நேரே ஏந்தினாள். “இந்தா, இதுல எம்புட்டு இருக்கும்? சொல்லு பாப்போம்.”

அடுப்படியில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும்தான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து படித்த முதல் ஆள் நான். பி.எஸ்ஸி. வேதியியல், முதல் வகுப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. “எடை போட்டுட்டு வந்து சொல்லுதேன் சித்தி” என்று சொல்லிவிட்டு, புகைக்குக் கண்ணைக் கசக்கிக்கொண்டே வெளியே வந்தேன். அது நடந்து பதினோரு வருஷம் ஆகிறது.

போன மாதம் எங்கள் ஆய்வுத் திட்டத்தை மூடினார்கள். இனிமேல் காற்றை அளக்க வேறு அலுவலகம், தானாகவே எண் காட்டும் புது மெஷின். அங்கே சேர்ந்திருக்கும் இரண்டு பெண்கள் என்னைத் தேடி ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டுக்கு வந்தார்கள். கதவைத் திறந்ததும் ஒருத்தி திகைத்துப்போய், “நீங்கதானா அக்கா? ரிட்டையர் ஆயிட்டீங்கன்னு சொன்னாங்க. வயசானவங்களா இருப்பீங்கன்னு நெனச்சு ஆரஞ்சுப் பழம் வாங்கிட்டு வந்தோம்” என்றாள். எனக்கு முப்பத்து மூன்று வயது. பழத்தை மூன்று பேருமாக உரித்துத் தின்றோம். போகும்போது, “அந்தக் காலத்துல எப்படி அளந்தீங்கன்னு எழுதித் தாங்க அக்கா” என்றார்கள்.

அந்தக் காலமாம்! சரி, எழுதுகிறேன்.

பயிற்சி என்று இரண்டு மாதம். ஃப்யூஸ் போட, ரப்பர்க் குழாயை மடங்காமல் சுருட்ட, சேலையோடு ஏணியில் ஏறக் கற்றுக்கொண்டேன். கடைசிதான் கஷ்டமாக இருந்தது.

எங்கள் கேள்வி ஒன்றே ஒன்றுதான். மதுரையிலிருந்து தென்காசி போகும் சாலை ஸ்ரீவில்லிபுத்தூரையும் ராஜபாளையத்தையும் ஊடுருவிப் போகிறது. இரண்டு ஊரிலும் அந்தச் சாலையை ஒட்டி வீடுகள். வாசல்படியில் கால் வைத்தால் தார் சுடும். லாரி போனால் அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். அந்தச் சாலையின் புகையும் தூசியும் வீட்டுக்குள் எவ்வளவு போகிறது? இதைக் கண்டுபிடிக்க ஒரே வீட்டில் ஒரே நேரத்தில் வெளியே ஒரு மெஷின், உள்ளே ஒரு மெஷின் வைப்போம்.

வெளி மெஷின் இடுப்பு உயரம். தகரக் கூரை போட்ட புறாக்கூண்டு மாதிரி இருக்கும். ஓட ஆரம்பித்தால் மாவு மில் மாதிரி அலறும். உள் மெஷின் டிபன் கேரியர் அளவுதான். தேனீ மாதிரி மெதுவாக முனகும். அதன் பக்கவாட்டில் ஒரு கண்ணாடிக் குழாய், அதற்குள் ஒரு சின்னக் குண்டு. காற்றை எந்த வேகத்தில் இழுக்கிறது என்று அந்தக் குண்டு மிதக்கும் உயரத்தை வைத்துத்தான் தெரியும். இரண்டு மெஷினும் காற்றை வெள்ளை வடிதாள் வழியாக இழுக்கும். காற்று போய்விடும், அழுக்கு தாளில் தங்கிவிடும். தாளை முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை எடை போட்டு, வித்தியாசத்தை உள்ளே இழுத்த காற்றின் அளவால் வகுத்தால் விடை கிடைக்கும். சித்தியின் கேள்விக்கும் பதில் இவ்வளவுதான்.

சொல்ல எளிது. ஒரு தாளுக்கு நாலு நாள் ஆகும். முதலில் தாளை இடுக்கியால் எடுத்து, கனமான மூடி போட்ட கண்ணாடிப் பாத்திரத்துக்குள் ஒரு நாள் முழுக்க வைக்க வேண்டும். அளந்த பிறகு மறுபடி இரண்டு நாள். பாத்திரத்தின் அடியில் நீலக் கற்கள். தாளில் இருக்கும் ஈரத்தை அந்தக் கற்கள் குடிக்கும். குடிக்கக் குடிக்க நீலம் வெளுத்து ரோஜா நிறமாகும். ரோஜா நிறமானால் அடுப்பில் காயவைத்து மறுபடி நீலமாக்க வேண்டும். மழைக்காலத்தில் காலையில் நீலமாக விட்டுப்போன கற்கள் சாயங்காலம் ரோஜாவாக இருக்கும். மலைக்கு மேலே மேகம் இறங்கியிருக்கிறதா என்று பார்க்க நான் ஜன்னலுக்குப் போனதில்லை. கற்களைப் பார்த்தால் போதும்.

தராசு அறையை நினைத்தால் இன்றைக்கும் குரல் தானாகத் தாழ்ந்துவிடுகிறது. ஒரே ஒரு ஜன்னல், அதுவும் கிழக்கே. வெயில் சாய்வாக வந்து கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கும் தராசின் மேல் விழும். அந்த வெயிலில் தூசி மெல்ல நீந்தும். நாங்கள் எதை எடை போட வந்தோமோ அது எங்களைச் சுற்றியே ஆடிக்கொண்டிருக்கும்.

ஜெபமணி சார் அந்த அறை வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிடுவார். அவர்தான் திட்டத்தின் தலைவர், கல்லூரியிலிருந்து வந்தவர். ஒல்லியான மனிதர். பியூனைக்கூட ‘நீங்க’ என்றுதான் கூப்பிடுவார். கைக்கடிகாரத்தைக் கழற்றி ஜன்னல் கட்டையில் வைப்பார். எடை பார்க்கும்போது மூச்சை அடக்கிக்கொள்வார். நாங்களும் அடக்கிக்கொள்ள வேண்டும். முள் நிற்கும்வரை அந்த அறையில் யாருக்கும் மூச்சு கிடையாது. ஒருவர் பார்த்த எடையை மற்றவர் பார்க்காமல் மூன்று பேர் தனித்தனியாக எழுத வேண்டும். தப்பாக எழுதினால் அழிக்கக் கூடாது, மை வைத்து மறைக்கக் கூடாது. ஒரே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே இருப்பது படிக்கத் தெரிய வேண்டும்.

இன்னொரு விதியும் உண்டு. அளக்கப் போகும் வீட்டில் எதையும் மாற்றக் கூடாது, மாற்றச் சொல்லவும் கூடாது. “நாம விருந்தாளி மாதிரி போகணும். வந்துட்டுப் போனது தெரியக் கூடாது” என்பார்.

ஆனால் விருந்தாளியை எங்கள் ஊர்க்காரர்கள் சும்மா விடுவார்களா? ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஜவுளிக்கடைக்காரர் வீட்டில் உள் மெஷினை வைத்துவிட்டு, வெளி மெஷினைப் பார்க்க மாடிக்குப் போனேன். மாடியில் நேரமாகிவிட்டது. இறங்கி வந்து பார்த்தால் மெஷினைக் காணோம். பூ வேலை செய்த டி.வி. உறை ஒன்று மேஜையில் புடைத்துக்கொண்டு நிற்கிறது. உள்ளே இருந்து முனகல்.

“ஜைனம்பு அக்கா, இது என்ன?” என்று வீட்டுக்காரம்மாவிடம் கேட்டேன்.

“ரோட்டுத் தூசி அம்புட்டும் அது மேலதான் விழுதும்மா. பாக்கப் பொறுக்கல. வெலையுள்ள சாமானாச்சேன்னு மூடி வச்சேன்.”

அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. ஜெபமணி சாரிடம் நடுங்கிக்கொண்டே சொன்னேன். அவர் கோபப்படவில்லை. “காத்தை அளக்க வந்தோம்னு சொன்னோம். தூசி பிடிக்க வந்தோம்னு சொல்லல. அவங்க மேல தப்பில்ல” என்றார். பிறகு, ‘மெஷின் ஒரு மணி நேரத்துக்கு மேல் போர்த்தப்பட்டிருந்தது’ என்று என்னையே எழுதச் சொல்லி, அன்றைய எண்கள் மேல் ஒரு கோடு போட்டார். கோட்டுக்குக் கீழே எல்லாம் படிக்கத் தெரிந்தது.

இப்போது பேச்சியம்மா அக்கா வீட்டுக்கு வருகிறேன். அந்தப் பெண்களிடம் வாயால் சொல்ல முடியாமல் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

வேலையில் மூன்றாவது வருஷம். நாங்கள் அளக்கும் வீடுகளில் பிளக் பாயிண்ட் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. மெஷினுக்குக் கரண்ட் வேண்டுமே. பிளக் பாயிண்ட் இருக்கும் வீடு என்றால் கொஞ்சம் வசதியான வீடு. அங்கெல்லாம் அடுப்படி பின்கட்டில் தனியாக இருக்கும். முன்னறையில் மெஷின் வைப்போம். அளந்தபோதெல்லாம் வெளித்தாள் கனமாகவும் உள்தாள் கொஞ்சம் குறைவாகவும் வந்தது. உள்காற்று வெளிக்காற்றின் நிழல் மாதிரி பின்னாலேயே போனது. ஜெபமணி சார் மக்களுக்குக் கொடுக்க ஒரு துண்டு நோட்டீஸ்கூட எழுதத் தொடங்கிவிட்டார். அதில் முதல் வரி: ‘சாலையோர வீடுகளில் சாலையைப் பார்த்த ஜன்னல்களை மூடி வைக்கவும்.’

அந்தச் சமயத்தில் ராஜபாளையத்தில் ஒரு வீட்டுக்காரர் கடைசி நேரத்தில் மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அடுத்த வளைவில், லாரிகள் கியர் மாற்றும் இடத்தில், ஓட்டுக்கூரை வீடு ஒன்று. ஒரே அறை, ஒரே பல்பு. பல்பு ஹோல்டரிலிருந்து ஒயர் இழுத்துக்கொள்ளலாம் என்று நான்தான் அதைத் தேர்ந்தெடுத்தேன்.

பேச்சியம்மா அக்காவுக்கு என் வயதுதான் இருக்கும். கணவர் கருப்பசாமி மர அறுவை மில்லில் வேலை. அறுத்த மரத்தூளைச் சாக்கில் கட்டித் தினமும் வீட்டுக்குக் கொண்டுவருவார். வீட்டின் மூலையில் மரத்தூள் அடுப்பு. தகர டின்னின் நடுவில் ஒரு பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் தூளைக் குத்திக் குத்தி இறுக்கி, பாட்டிலை மெல்ல உருவி எடுத்தால் நடுவில் குகை மாதிரி வழி கிடைக்கும். அதில் நெருப்பு வைத்தால் காலையில் பற்றியது மத்தியானம்வரை சன்னமாகக் கனிந்துகொண்டே இருக்கும். ஊதவும் வேண்டாம், தள்ளிவிடவும் வேண்டாம். ஜன்னலுக்குக் கீழே சேலைத் தொட்டில். அதில் எட்டு மாதப் பெண் குழந்தை, செல்வி. மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம்.

அன்றைக்கு நாள் முழுக்கக் கரண்ட் இல்லை. அளக்க முடியவில்லை. கிளம்பும்போது பேச்சியம்மா அக்கா தொட்டில் துணியை விரலால் தடவி என்னிடம் காட்டினாள். விரல் நுனி கறுப்பாக இருந்தது.

“நீ படிச்ச புள்ள, நீயே சொல்லு தாயி. இவளுக்கு இந்த இழுப்பு எதுனால வருது? நான் என்னத்தச் செய்ய?”

யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் படிப்பு என்பது கடிதம் வாசிக்கவும் பஸ் போர்டு பார்க்கவும்தான். என் முன்னால் ஒரு தாய் பாடம் கேட்க வந்தவள் போல நின்றாள். எனக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்தது. ஜெபமணி சாரின் நோட்டீஸ் வரி நாக்கு நுனியில் இருந்தது.

“ரோட்டுப் பக்க ஜன்னலை மூடி வையுங்க அக்கா. எல்லாம் அது வழியாத்தான் வருது” என்றேன்.

நோட்டில் ‘மின்சாரம் இல்லை, அளக்கவில்லை’ என்று மட்டும் எழுதினேன். நான் சொன்னதை எழுதவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து மேற்கே மலையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். மலை நீலமாக, ஈரமில்லாத கல் மாதிரி இருந்தது. அவ்வளவு சந்தோஷமாக நான் வீடு திரும்பிய நாள் குறைவு.

மூன்று வாரம் கழித்து மறுபடி போனேன். வாசலில் நுழைந்ததும் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. அவ்வளவு இருட்டு.

“வா தாயி, ஒன்னயத்தான் எதிர்பாத்துக்கிட்டு இருக்கேன்” என்று பேச்சியம்மா அக்காவின் குரல் கேட்டது. “நீ சொன்னபடியே செஞ்சிட்டோம், பாரு.”

ஜன்னலுக்குக் குறுக்கே பலகை. வெறுமனே சாத்தவில்லை, ஆணி அடித்திருந்தது. பலகைகளின் இடுக்கில் மைதாப் பசையால் காகிதம் ஒட்டியிருந்தது. ஓட்டு இடுக்கில்கூடச் சாக்குத் துணி. மில்லில் லீவு சொல்லிவிட்டு ஒரு பகல் முழுக்கக் கருப்பசாமி செய்த வேலை. ‘படிச்சவிய சொன்னா சரியாத்தான் இருக்கும்’ என்று பக்கத்து வீட்டில் பெருமையாகச் சொன்னாராம். மூலையில் அடுப்பு கனிந்துகொண்டிருந்தது.

குழந்தை தொட்டிலில் இல்லை. அம்மாவின் தோளில் நிமிர்ந்த வாக்கில் தூங்கியது.

“படுக்க வச்சா மூச்சு முட்டுது. பெரியாஸ்பத்திரியில நாலு நாள் வச்சிருந்து அனுப்பிச்சாவ. தோள்ல போட்டாத்தான் உறங்குதா. தொட்டிலு சும்மாத்தான் கெடக்கு.”

பூனைக்குட்டிச் சத்தம் இப்போது வாசல்வரை கேட்டது.

அந்த நேரத்தில் எனக்குப் புரிந்துவிட்டது என்று எழுத ஆசைதான். அது பொய். எனக்கு ஒரு பயம் மட்டுமே வந்தது. அது என்ன பயம் என்று யோசிக்கப் பயந்து வேலையைத் தொடங்கினேன். வெளி மெஷினை வாசலோரம் நிறுத்தினேன். உள் மெஷினை மூக்கு உயரத்தில் வைக்க வேண்டும் என்பது முறை. யாருடைய மூக்கு? சுற்றிப் பார்த்தேன். வெறும் தொட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. மெஷினை அதில் வைத்தேன்.

சேலை முனகத் தொடங்கியது. பேச்சியம்மா அக்கா ஒரு தோளில் குழந்தையோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். செத்த நேரத்தில் அவள் கை தானாக நீண்டு தொட்டில் கயிற்றைப் பிடித்து ஆட்டியது. கண்ணாடிக் குழாய்க்குள் குண்டு தடுமாறியது.

“ஆட்டாதீங்க அக்கா. குண்டு நிக்க மாட்டேங்குது.”

“ஐயோ, பழக்கத்துல ஆட்டிட்டேன் தாயி. முனகுதேன்னு…”

கையை எடுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி கை நீண்டது. மறுபடி சொன்னேன். எட்டு மணி நேரத்தில் எத்தனை தடவை சொன்னேனோ தெரியாது. வெளியே லாரிகள் கியர் மாற்றின. உள்ளே மெஷின் குழந்தையைப் போல முனகியது, குழந்தை மெஷினைப் போல. அந்த இருட்டில் நானும் கொஞ்சம் மயங்கிப் போயிருக்க வேண்டும். பலகை இடுக்கில் காகிதம் விட்டுப்போன ஒரு ஊசித்துளை. அதன் வழியாக வெயில் ஒரே ஒரு நூலாக வந்தது. தராசு அறையில் வெயிலில் நீந்தும் தூசியைத் தனித்தனியாக எண்ணலாம். இங்கே அந்த நூல் பாலாகக் கெட்டியாக இருந்தது.

சாயங்காலம் தாள்களை எடுத்தேன். வெளித்தாள் துடைக்காத சிலேட்டு நிறம். டீசல் வாடை. உள்தாள் கெட்டி டீ சிந்திக் காய்ந்த நிறம். முகர்ந்து பார்த்தேன். மரத்தூள் புகை.

‘பலகையைப் பிடுங்குங்க அக்கா’ என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லவில்லை. ஒருமுறை சொல்லித்தானே இப்படி ஆனது? இதுவும் தப்பானால்? எடை போடாமல் எதையும் சொல்லக் கூடாது என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டு, தாள்களை உறையில் போட்டு, எண் எழுதி, கிளம்பிவிட்டேன். அதற்குப் பிறகு இரண்டு நாள் நீலக் கற்களுக்கு மேலே தாள்கள் உலர்ந்தன. அந்த இரண்டு நாளும் அந்த அறைக்குள் குழந்தை மூச்சு விட்டது. பதினோரு வருஷத்தில் நான் திருத்திக்கொள்ள முடியாதது அந்த இரண்டு நாள்தான்.

மூன்றாம் நாள் எடை போட்டோம். உள்தாள் வெளித்தாளைவிட மிக அதிகம்.

ஜெபமணி சார் மூச்சை விட்டார். “உறை மாறிப்போச்சு ராமலட்சுமி. உள்ளதை வெளியன்னும் வெளியதை உள்ளன்னும் எழுதிட்டீங்க.”

“மாறல சார்.”

“வெளிய இருக்கிறதுதான் உள்ள வரும். வந்ததைவிட அதிகம் எப்படி இருக்கும்? மாறிப்போச்சுன்னு எழுதிட்டுக் கோடு போட்டுடலாம். நோட்டீஸ் திங்கட்கிழமை அச்சுக்குப் போகுது.”

அவர் சத்தமாகப் பேசவில்லை. அதனால்தான் தாங்க முடியவில்லை. சித்தி சிரித்தபோது வந்த அதே சூடு முகத்தில் ஏறியது. இரண்டு தாளையும் இடுக்கியால் எடுத்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

“மோந்து பாருங்க சார்.”

தராசு அறையில் யாரும் அவரிடம் அப்படிப் பேசியதில்லை. ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து முகர்ந்தார். முதலில் ஒன்று, அப்புறம் இன்னொன்று, மறுபடி முதலாவது.

“இது… அடுப்பு” என்றார். “மரத்தூள் அடுப்பு. ஒரே அறையா?”

“ஒரே அறைதான் சார்.”

“அப்படி இருந்தாலும் ஜன்னல் வழியா வெளிய போயிருக்குமே. இம்புட்டு எப்படித் தங்கும்?”

“ஜன்னல் மூடியிருந்தது.”

“இந்தப் புழுக்கத்துல ஜன்னலை யாரு மூடுவா?”

அந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. உறை மாறிப்போச்சு என்று ஒத்துக்கொண்டிருந்தால் ஒரு கோட்டோடு முடிந்திருக்கும், வேலைக்கும் ஆபத்து வந்திருக்காது. நோட்டீஸ் அச்சாகி இரண்டு ஊர் முழுக்கப் போயிருக்கும். எத்தனை வீட்டில் ஆணி அடித்திருப்பார்களோ.

“நான்தான் மூடச் சொன்னேன் சார். போன மாசம். அந்தக் குழந்தைக்கு இழுப்பு இருக்குன்னு கேட்டாங்க. நான் சொன்னேன். ஆணி அடிச்சிட்டாங்க. இப்ப ஆஸ்பத்திரிக்குப் போய் வந்திருக்கு.”

அவர் என் நோட்டைப் பார்த்தார்.

“நோட்டுல எழுதியிருக்கா?”

“இல்ல சார்.”

“எழுதுங்க. அன்னைக்குத் தேதியும் போடுங்க, இன்னைக்குத் தேதியும் போடுங்க.” பேனாவை என் பக்கம் நகர்த்தினார். “நம்ம திட்டக் கமிட்டி இதைப் பார்க்கும். அதுக்கப்புறம் உங்களுக்கு இந்த வேலை இருக்கும்னு நான் சொல்ல முடியாது.”

எழுதினேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று எல்லாரும் சொல்வார்கள். அந்தப் பக்கத்தில் மட்டும் மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் எழுத்து மாதிரி இருக்கும். எழுதி முடித்து நிமிர்ந்தபோது அவர் நோட்டீஸ் தாளை விரித்து வைத்திருந்தார். முதல் வரியின் மேல் ஒரே ஒரு கோடு இருந்தது.

“நீங்க ஒரு வீட்டுல சொன்னதை நான் எல்லா வீட்டுலயும் சொல்ல இருந்தேன்” என்றார். கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டார். “செருப்பைப் போடுங்க. போவோம்.”

பேச்சியம்மா அக்கா வீட்டில் பலகையில் கை வைத்தபோது எனக்கு விதி ஞாபகம் வந்தது. “வீட்டுல எதையும் மாத்தக் கூடாதே சார்” என்றேன், முட்டாள் மாதிரி.

“அளந்தாச்சு” என்றார்.

பக்கத்து சைக்கிள் கடையில் வாங்கிய இடுக்கியால் அவரே ஆணியைப் பிடுங்கினார். பழக்கமில்லாத கை, இரண்டு இடத்தில் ரத்தம் வந்தது. பேச்சியம்மா அக்கா திகைத்து நின்றாள்.

“ஏன் சார் பிடுங்குதீய? அந்தத் தாயிதானே அடைக்கச் சொல்லிச்சு?”

“நான் சொன்னது தப்பு அக்கா” என்றேன்.

அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். என்னையும் ஜன்னலையும் அடுப்பையும் மாறி மாறிப் பார்த்தாள். “படிச்சவிய தப்புன்னு சொல்லி இன்னைக்குத்தான் கேக்கேன்” என்றாள். அது பாராட்டா, குத்தலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பிறகு குழந்தையை என் தோளில் போட்டாள். கனிந்துகொண்டிருந்த அடுப்பைச் சாக்கால் பிடித்துத் தூக்கிப் பின் சந்துக்குக் கொண்டுபோனாள். என் கழுத்தில் குழந்தையின் மூச்சு சூடாக, இடறி இடறி விழுந்தது. அதற்கு எந்தத் தாளிலும் எடை இல்லை.

அந்த வீட்டில் பிறகு இரண்டு தடவை அளந்தோம். அடுப்பை உள்ளே வைத்து ஜன்னலைத் திறந்து ஒருமுறை. அடுப்பைச் சந்தில் வைத்து ஜன்னலைத் திறந்து ஒருமுறை. சாலை அழுக்கு உள்ளே வரத்தான் செய்தது. தாளில் சிலேட்டு நிறம் தெரிந்தது. நல்ல காற்று என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த டீ நிறத் தாளின் கனம் மறுபடி வரவில்லை. அதற்கப்புறம் பிளக் பாயிண்ட் நிபந்தனையை எடுத்துவிட்டோம். பல்பு ஹோல்டர் வீடுகளையும் அளந்தோம். நோட்டீஸ் ஒரு வருஷம் தாமதமாக, வேறு வரிகளோடு வந்தது.

கமிட்டி எனக்கு மெமோ கொடுத்தது. ஆறு மாதம் தனியாக எந்த வீட்டுக்கும் போகக் கூடாது. அந்த மெமோ இன்னும் என்னிடம் இருக்கிறது, பட்டச் சான்றிதழ் இருக்கும் அதே உறையில். செல்வி ஒரு மாதத்துக்குப் பிறகு தொட்டிலில் படுத்துத் தூங்கினாள். இப்போது நான்காம் வகுப்பு படிக்கிறாள். மார்கழிப் பனிக்கு மட்டும் இன்னும் இழுப்பு வருகிறது. அதில் என் பங்கு எவ்வளவு என்று அளக்க மெஷின் இல்லை.

புது அலுவலகத்தில் என்னைக் கூப்பிட்டார்கள். அவர்களுடைய மெஷின்கள் நாற்சந்திகளில், மொட்டை மாடிகளில் இருக்கும். வீட்டுக்குள் அளப்பது அவர்கள் வேலை இல்லையாம். நான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போது கொஞ்சம் திமிர் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். கழித்துக்கட்டிய சாமான்கள் பட்டியலில் சின்ன மெஷின் இருந்தது. ஜெபமணி சார் கல்லூரிக்குத் திரும்பிவிட்டார். அவரிடம் எழுதி வாங்கி அதை எடுத்துக்கொண்டேன். தராசு கல்லூரியில்தான் இருக்கிறது. சனிக்கிழமைகளில் வரலாம் என்றிருக்கிறார், செருப்பை வெளியே விட்டுவிட்டு.

போன திங்கட்கிழமை மெஷினை மடியில் வைத்துக்கொண்டு தேவதானம் பஸ் ஏறினேன். சித்தியின் அடுப்படியில் பருத்திமார், காய்ந்த பருத்திச் செடிக் குச்சி, எரிந்துகொண்டிருந்தது. உறி தொங்கும் கொக்கியில், அவள் குந்தி உட்கார்ந்தால் மூக்கு வரும் உயரத்துக்கு, மெஷினைக் கட்டினேன்.

“ஏட்டி, மெயின் ரோடு எங்கயோ கெடக்கு. ஒரு லாரி வருதா, காரு வருதா? இங்க என்னத்த அளக்கப் போற?” என்றாள் சித்தி. சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது.

மெஷினைப் போட்டேன். குண்டு மிதந்து நின்றது. புது நோட்டைப் பிரித்து முதல் பக்கத்தில் எழுதினேன்:

‘தேவதானம். ஒரு வீடு, தனி அடுப்படி. சாலை அருகில் இல்லை. விறகு: பருத்திமார். ஜன்னல் ஒன்று, பாதி திறந்திருக்கிறது. தாள் எண் ஒன்று. வீட்டுக்காரரிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை.’